ஒன்பதாவது சோதனை

மூன்றாவது உதைக்கும் கண்ணாடி அசையவில்லை. தமயந்தியின் குதிகால்தான் விண்ணென்று தெறித்தது.

"இன்னொண்ணு விடுங்க சம்பந்தி" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த குணவதி.

"எத்தனை விட்டாலும் உடையாது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வெச்சு ஒட்டியிருக்கு. விரிசல் விடும், அவ்வளவுதான்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரம் உதைச்சீங்க?"

"பயத்துல."

காருக்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. வெளியே கண்ணாடியின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு, செம்மண் கரைசலாகச் சுழித்தது. ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சுரங்கச் சாலையின் நட்டநடுப் பள்ளத்தில் வண்டி நின்றிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனமும் இல்லை. 2049ஆம் வருடம், ஆயுத பூஜை. மதியம் இரண்டரை மணி. காலையிலிருந்து ஊற்றிய மழையில் மேலே எங்கோ ஏரி நிரம்பி, மறுகால் பாய்ந்து, வழி தேடி இங்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"வெளியே நீர்மட்டம் அதிகமாக உள்ளது" என்றது கார், கோயில் அறிவிப்பு வாசிக்கும் பெண்ணின் நிதானத்தோடு. "உங்கள் பாதுகாப்புக்காகக் கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. மீட்புப் படை முப்பத்தெட்டு நிமிடங்களில் வந்து சேரும். தயவுசெய்து அமைதியாக இருங்கள்."

"எவ்வளவு மரியாதையா சொல்லுது பாருங்க" என்றாள் குணவதி. மடியில் இருந்த டிபன் கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சுண்டலும் பொரியும்.

தமயந்தி தண்ணீர் ஏறும் வேகத்தைப் பார்த்தாள். இப்படி ஏறும் தண்ணீரை அவள் தொட்டியில் வைத்து அளந்தவள். இருபது நிமிடம். மிஞ்சினால் இருபத்திரண்டு.

"முப்பத்தெட்டு நிமிஷம் கழிச்சு வந்தா அவங்க நம்மைக் காப்பாத்த மாட்டாங்க சம்பந்தி. வெளிய எடுத்துப் போடுவாங்க."



இருவரும் காலையில் ஒரகடத்தில் பிள்ளைகளின் வீட்டில் சந்தித்திருந்தார்கள். தமயந்தியின் மகளைக் குணவதியின் மகன் கட்டியிருந்தான். போன வாரம் எடுத்த புது மேகலா காருக்கு முதல் பூஜை. சாப்பாடு முடிந்ததும் மகள் காரில் ஏற்றிவிட்டாள்: "அத்தையை வீட்டுல இறக்கிட்டு, உன்னை ஸ்டேஷன்ல விடும்மா. வண்டியே போகும், நீங்க பேசிக்கிட்டே போங்க."

பேசிக்கொண்டேதான் வந்தார்கள். வண்டி பாட்டுக்குப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றாள் குணவதி. "இவ்வளவு புத்திசாலி வண்டி, தண்ணி நிக்கிறதைப் பாக்காதா?"

"பாக்கும். முன்னால, கீழ ஒரு கண்ணு இருக்கு. பள்ளத்துல எவ்வளவு தண்ணின்னு அதுதான் அளக்கும்."

"எது, நம்பர் பிளேட்டுக்கு மேல வட்டமா, கறுப்பா இருக்குமே?"

"அதேதான்."

குணவதி தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"அது பாக்க நெத்தி மாதிரி இருந்துச்சு" என்றாள் குணவதி மெதுவாக. "அதுலதான் சந்தனத்தைக் குழைச்சு வெச்சு, குங்குமம் வெச்சேன்."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"சம்பந்தி வெச்ச பொட்டை அழிங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அதுதான் நிஜம். அந்தப் பொட்டைப் பார்த்ததும் சொல்லத்தான் நினைத்தாள். நல்ல நாள், எல்லாரும் நிற்கிறார்கள், பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வாழ்க்கையில் அவள் இப்படி வாயை மூடிக்கொண்டது இது முதல் தடவையும் இல்லை.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

குணவதி கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மகன் சொல்லிக்கொடுத்தபடி காட்டினாள், விலக்கினாள், மறுபடி காட்டினாள். கதவு சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. உள்ளேயும் பிடி கிடையாது, வெளியேயும் கிடையாது. இப்போது எந்தக் காரிலுமே கிடையாது. உள்ளங்கையைக் காட்டினால் திறக்கும். திறப்பது நல்லதா என்று யோசித்துவிட்டுத் திறக்கும். இவர்களின் பேரன், மூன்று வயது, பீரோ முன்னால் கையை விரித்துக் காட்டியபடி நிற்பான். அது திறக்காவிட்டால் அழுவான். பிடித்து இழுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது.

"ஒரு கைப்பிடி வெச்சா என்னவாம் இவனுங்களுக்கு?" என்றாள் குணவதி.

தமயந்தி சிரித்துவிட்டாள். இருபத்தைந்து வருடம் இதே கேள்வியைச் சோறாகத் தின்றவள் அவள்.

"எங்கப்பா டாக்ஸி ஓட்டினாரு" என்றாள். ஏன் அது இப்போது வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எழும்பூர் ஸ்டாண்டு. மேல மஞ்சள், கீழ கறுப்பு அம்பாசடர். அதுல பின்பக்க இடது கதவுக்கு மட்டும் கோபம் ஜாஸ்தி. பிடியைத் தூக்கணும், கதவை உள்ள தள்ளணும், அப்புறம் வெளிய இழுக்கணும். சவாரி எல்லாம் திணறும். அப்பா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. ஸ்டியரிங்கில ஒரு கை இருக்கும், இன்னொரு கை பின்னால வந்து, தூக்கி, தள்ளி, விடும். டொப்புனு திறக்கும்."

"எங்க கல்யாணத்துக்கும் அம்பாசடர்தான்" என்றாள் குணவதி. "மாமியார் வீட்டு வாசல்ல இறங்கத் தெரியாம நான் கண்ணாடி ஏத்துற பிடியைச் சுத்திக்கிட்டே இருந்தேன். அவரு குனிஞ்சு என்னைத் தாண்டிக் கையை நீட்டித் திறந்துவிட்டாரு. அவரு எனக்கு முதல்ல செஞ்ச வேலையே அதுதான்."

இருவரும் ஒரு கணம் தண்ணீரை மறந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே தமயந்திக்குத் தெரிந்துவிடும், கதவைச் சாத்தியது அப்பாவா, கிளீன் பண்ணுகிற மாணிக்கமா என்று. சத்தம் சொல்லும். மேகலா மோட்டார்ஸில் வேலை கேட்டுப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த குலோத்துங்கன் அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டவே இல்லை. "நீ முதல்ல திறந்த கதவு எது?" என்றுதான் கேட்டார். அவள் அந்தக் கோபக்காரக் கதவைப் பற்றிச் சொன்னாள். தூக்கி, தள்ளி, இழுத்து என்று கையாலேயே காட்டினாள். "திங்கக்கிழமை வந்துடு" என்றார்.

"அது யாரு குலோத்துங்கன்?" என்றாள் குணவதி. யோசித்தது வாய்விட்டு வந்திருக்கிறது.

"எனக்கு மேலதிகாரி. கதவுப் பிரிவுக்குத் தலைவர். பெரிய கொட்டகை. கார் கிடையாது, கதவு மட்டும் இரும்புச் சட்டத்துல வரிசையா நிக்கும். மெஷின் திறந்து மூடும், திறந்து மூடும், ராத்திரி பகலா. இவரு காதை வெச்சுக் கேட்டுட்டு, 'இதுக்கு ஜலதோஷம்மா, ரப்பரை மாத்து'ம்பாரு. மாத்தினா சரியாகிடும்."

"நல்ல மனுஷன் போல."

"ஒன்பது சோதனை வெச்சிருந்தாரு. வெயில், தூசி, குழந்தை விரல் மாட்டுறது, அப்படி. ஒன்பதாவது தண்ணி. வண்டியைத் தொட்டிக்குள்ள இறக்கி, கரண்டைப் பிடுங்கிடுவோம். உள்ள ஒரு பொம்மை உக்காந்திருக்கும். உள்ள இருக்கிறவன் தன் கையால கதவைத் திறக்க முடியணும். முடிஞ்சா தேர்ச்சி."

"இந்த வண்டி?"

"ஒரு தடவைகூடத் தேறலை. பிடி இருந்தா காத்து தடுக்குது, அழகு கெடுது, பசங்க ஓடுற வண்டியில திறந்துடுறாங்கன்னு பிடியை எடுக்கச் சொன்னாங்க. உள்ள அவசரத்துக்கு ஒரு கம்பியாவது இருக்கட்டும்னு கேட்டோம். அதுவும் வேணாம்னுட்டாங்க. வண்டியே மீட்புப் படையைக் கூப்பிட்டா அதுவே தேர்ச்சிதான்னு விதியை மாத்தினாங்க. ரிப்போர்ட்ல கையெழுத்தாச்சு. வண்டி வெளிய வந்துச்சு."

"யாரு அந்தப் பாவி, கையெழுத்துப் போட்டது? அந்தக் குலோத்துங்கனா?"

"நீர்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது" என்றது கார். "தயவுசெய்து அமைதியாக இருங்கள்."

தமயந்தி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். இருக்கை நனைந்துவிட்டது. குளிர் தொடைவரை ஏறியது.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவளும் குலோத்துங்கனும் பேசிக்கொள்ளவே இல்லை. பதினைந்து வருடம். அவர் அதே மாதம் வேலையை விட்டுப் போனார். காஞ்சிபுரத்தில் கார் அலங்காரச் சாமான் செய்கிறார் என்று காதில் விழுந்தது. சோழி, கறுப்புக் கயிறு, திருஷ்டிக் கயிறு. டீலர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறாராம். ஆபீஸில் நான்கு மணி டீ நேரத்தில் சிரித்தார்கள்: "கதவு செஞ்ச கை கயிறு திரிக்குதாம்." தமயந்தியும் சிரித்தாள். டீதான் அன்றைக்கு இறங்கவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது குணவதி கேரியரைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்து தன் பக்கத்துக் கதவில் தொங்கிய கறுப்புக் கயிற்றைக் கும்பிட்டாள். ஒரு முழம் நீளம், கீழே மூன்று சோழி. காலையில் அதற்கும் சந்தனம் அப்பியிருந்தாள். மிதந்து ஆடிய கயிற்றிலிருந்து சந்தனம் கரைந்து, மஞ்சளாகத் தண்ணீரில் பிரிந்துபோனது.

தமயந்தி அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

சோழிக்கு மேலே ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் ஒரு பித்தளை வளையம். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கடலூர்த் துறைமுகத்தில் படகு கட்டுகிறவர்கள் போடுவது. கொட்டகையில் அதைப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் கடலூர்க்காரர்.

"சம்பந்தி" என்றாள். "அந்தக் கயிறு மேல எங்க கட்டியிருக்கு?"

"கட்டலை. இந்த ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ள போகுது. ஏன்?"

"யாரு கட்டினது?"

"ஷோரூம்லயே இதோடதான் வண்டி குடுத்தாங்க. சாமி பேரைச் சொல்லிக் கட்டினது, தொடக் கூடாது, அறுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

தமயந்தி கையை நீட்டினாள். குணவதி பட்டென்று தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. இருக்கிற ஒரே காப்பு அதுதான்."

"அது காப்பு இல்லை. வால்."

"என்னது?"

"நாங்க வால்னுதான் சொல்லுவோம். ஃபாக்டரி லைன்ல வண்டி வரும்போது பேட்டரி இருக்காது. கரண்ட் இல்லாம கதவைத் திறக்கணும் இல்லையா? அதுக்குப் பூட்டுலேர்ந்து ஒரு சின்னக் கம்பி வெளிய வரும். அதுல கறுப்புக் கயிறு கட்டி இழுப்போம். கடைசி ஆள் கயிறை அறுத்துட்டு, கம்பியை உள்ள தள்ளி மூடிடுவான். கம்பி அங்கேயேதான் இருக்கும். அதை வெளிய எடுத்து, குலோத்துங்கன் மறுபடி கயிறு கட்டியிருக்காரு. இழுங்க."

"எனக்கு ஒண்ணும் புரியலை. இழுத்து அறுந்துட்டா?"

"அறுந்தா என்ன?"

"என்னவா? என் ஓர்ப்படி வண்டியில இப்படித்தான் அறுந்துச்சு. மறுநாளே அவ மாமனாரு—"

"சம்பந்தி."

"நான் விட மாட்டேன். பசங்க வண்டி. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

தண்ணீர் விலாவைத் தொட்டது. தமயந்தியின் பக்கத்திலிருந்து கை நீட்டினாலும் கயிற்றை நேராக இழுக்க முடியாது. குணவதிதான் இழுக்க வேண்டும். பூட்டு, கம்பி, ஸ்பிரிங் என்று எதைச் சொன்னாலும் இவள் காதில் ஏறாது. கொட்டகையில் இருபத்தைந்து வருடம் கற்ற எதுவும் இங்கே உதவாது.

"திருஷ்டி படக் கூடாதுன்னுதானே கட்டினது?" என்றாள் தமயந்தி.

"ஆமா."

"பட்டாச்சு சம்பந்தி. நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. இனிமே அந்தக் கயிறு எதைக் காப்பாத்தணும்னு தொங்கிக்கிட்டிருக்கு?"

குணவதி தண்ணீரைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான்" என்றாள். "இதைப் பிடிங்க."

கேரியர் கை மாறியது.

"கீழ இழுக்காதீங்க. வண்டியோட மூக்குப் பக்கமா, நேரா, ஒரே இழுப்பா."

குணவதி சோழிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கிணற்றில் வாளி இறைக்கிற வலுவோடு இழுத்தாள்.

டக்.

தண்ணீருக்குள்ளிருந்து வந்த அந்தச் சின்னச் சத்தத்தில் தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை அவள் பல வருடங்களாகக் கேட்கவில்லை.

குணவதி தோளால் கதவை மோதினாள். கதவு அசையவில்லை. மறுபடி மோதினாள்.

"திறக்கலையே. பொய் சொன்னீங்களா?"

"பூட்டு திறந்தாச்சு. வெளியில இருக்கிற தண்ணி கதவை அமுக்குது. உள்ளயும் அதே அளவு தண்ணி வந்தாத்தான் விடும்."

"அதே அளவுன்னா?"

தமயந்தி தயங்கினாள். தொட்டிச் சோதனையில் அந்தப் பொம்மையின் முகத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தாடைக்குக் கீழே.

"கழுத்து வரைக்கும். பொறுங்க. கதவு இடுக்கு வழியா இப்ப வேகமா வரும். வரட்டும். தலையைத் தூக்கி வெச்சுக்கிட்டு மூச்சை மட்டும் பாத்துக்கங்க."

"தண்ணி வரட்டும்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் குணவதி. பல் கிடுகிடுத்தது. தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலம் மாற்றியபோது பிடித்த கை. அதன் பிறகு இப்போதுதான்.

மார்பு. தோள். கேரியர் கூரையைத் தொட்டது. தண்ணீர் தாடையை நக்கியது.

"இப்ப" என்றாள் தமயந்தி. "ரெண்டு பேரும். ஒண்ணா."

கதவு, பெரிய மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற மாதிரி, நிதானமாகத் திறந்தது.

வெளியே தண்ணீர் நெஞ்சளவுதான். சுவரோரக் கம்பியைப் பற்றிக்கொண்டு, நடைபாதைப் படிகளில் ஏறி, சாலை மட்டத்துக்கு வந்து, ரயில்வே சுவரில் சாய்ந்து இருவரும் உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது. கீழே காருக்குள்ளிருந்து குரல் குமிழியிட்டபடி கேட்டது: "கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

குணவதி கேரியரைத் திறந்தாள். மேல் தட்டில் பொரி நனையாமல் இருந்தது.

"சாப்பிடுங்க" என்றாள். தமயந்தி சாப்பிட்டாள்.

மீட்புப் படை சொன்ன நேரத்துக்குத்தான் வந்தது. படகை இறக்கச் சொல்லிவிட்டு, அதிகாரி ஜெபசிங் இவர்களிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பதிவுப் பலகை. அதைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"அம்மா, வண்டியோட பதிவுல நீங்க ரெண்டு பேரும் இன்னும் உள்ளதான் இருக்கீங்க. கதவு திறக்கவே இல்லைன்னு காட்டுது. எப்படி வெளிய வந்தீங்க?"

"சாமி கயிறை இழுத்தோம்" என்றாள் குணவதி.

ஜெபசிங் சிரிக்கவில்லை. "அந்தக் கறுப்புக் கயிறா? சோழி வெச்சது?" அவர் முகம் மாறியது. "போன மாசம் வண்டலூர் பக்கம் ஓடையில ஒரு மேகலா. நாலு பேரு. நான்தான் கண்ணாடியை அறுத்தேன். அந்தக் கயிறு தொங்கிக்கிட்டு இருந்துச்சும்மா. அதுல சுத்தியிருந்த மல்லிப்பூகூடக் கலையலை."

யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்று சொல்லித்தான் ஷோரூமில் கொடுத்திருந்தார்கள்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க தம்பி" என்றாள் தமயந்தி.

எண்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத காலம் இது. ஆனால் அவள் விரல் தயங்கவே இல்லை. நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"சார், தமயந்தி."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவர் மாதிரி: "எந்தக் கதவு?"

"முன்னால இடது."

"வாலை இழுத்தியா?"

"என் சம்பந்தி இழுத்தாங்க."

"டக்குனு கேட்டுச்சா, டொக்குனு கேட்டுச்சா?"

"டக்குனு, சார்."

"அப்ப துரு ஏறலை" என்றார் குலோத்துங்கன். செருமிக்கொண்டார். "ஆபத்துன்னா நம்ம ஜனங்க எதைப் பிடிப்பாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சேன்மா. விதிப் புத்தகத்தையா பிடிப்பாங்க? சாமியைத்தான் பிடிப்பாங்க. பயத்துல அந்தக் கயிறைப் பிடிச்சுத் தொங்குவாங்கன்னு நினைச்சேன். தொங்கினாப் போதும், கதவு திறந்துடும். ஷோரூம்ல என் ஆளுங்களே போய்க் கட்டிட்டு வருவாங்க. சாமி கயிறுன்னு சொன்னதால கம்பெனியும் ஏன், எதுக்குன்னு கேக்கலை."

"யாரும் தொங்கலை சார். கும்பிட்டுட்டு விட்டுட்டாங்க. போன மாசம் நாலு பேரு."

மறுமுனையில் சோழிகள் கொட்டும் சத்தம் கேட்டது.

"தப்பாப் போச்சு" என்றார். "ஆனா வெளிய சொல்லவும் முடியலையே. இழுத்தா கதவு திறக்கும்னு சொன்னா, அனுமதி இல்லாத மாற்றம்னு மறுநாளே எல்லா வண்டியிலயும் அறுத்துடுவாங்க."

"சும்மா சொன்னா அறுப்பாங்க. இந்தக் கதவு தண்ணியில ஆளைக் கொல்லும்னு ஆரம்பத்துலயே தெரியும், ஒன்பதாவது சோதனையில ஒரு தடவைகூடத் தேறலைன்னு சொன்னா? அப்புறம் எவன் அறுப்பான்?"

"அப்படிச் சொன்னா, அந்த ரிப்போர்ட்டை எடுப்பாங்க தமயந்தி. தேர்ச்சின்னு எழுதிக் கீழ ஒரு கையெழுத்து இருக்கு. அந்தக் கையெழுத்துக்காரரைச் சும்மா விட மாட்டாங்க."

"தெரியும் சார்."

"நல்லா யோசிச்சுக்க."

"பதினஞ்சு வருஷமா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சார், நாலு மணி ஆச்சுன்னா இப்பவும் டீ குடிக்கிறீங்களா?"

"மணி மூணரைதான் ஆகுது" என்றார் அவர். "வர்றதா இருந்தா சொல்லு, போடச் சொல்றேன்."

அவள் போனை ஜெபசிங்கிடம் திருப்பிக் கொடுத்தாள். ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். கீழே நீலக் கார் கூரைவரை மூழ்கியிருந்தது. திறந்த கதவின் மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

"எழுதிக்கங்க தம்பி. நான் ஒரு வாக்குமூலம் குடுக்கணும். அந்தக் கயிறு எல்லா மேகலாவிலயும் வேலை செய்யும். இன்னைக்கே ஊரெல்லாம் தெரியணும்."

ஜெபசிங் பதிவுப் பலகையைத் தயார் செய்தார். "உங்க பேரு?"

"தமயந்தி. மேகலா மோட்டார்ஸ், கதவுப் பிரிவு. தலைவரா இருந்து ரிடையர் ஆனேன்."

அவர் எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: தொட்டி, பொம்மை, சிவப்புக் கோடு, எத்தனை முறை தோற்றது, எப்போது விதி மாறியது, அதற்கு உடன்பட மறுத்து எழுந்து போன குலோத்துங்கன். குணவதி பொரியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். காருக்குள் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அதை அதிகாரியே கேட்டார்.

"குலோத்துங்கன் போடலைன்னா, அப்புறம் தேர்ச்சின்னு கையெழுத்துப் போட்டது யாரும்மா? பேரு தெரியுமா உங்களுக்கு?"

குணவதியின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"மேல முதல் வரியில எழுதினீங்களே தம்பி" என்றாள் தமயந்தி. "அதையே இன்னொரு தடவை எழுதிக்கங்க."